எனக்குக் கேட்கேல்லை

செர்வாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கடையில்தான் இன்றைக்கு நான் அரிசியும் பருப்பும் விற்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டு கதைக்கிறேன் என்றுதான் ஆகும்.

செர்வா கானா நாட்டுக்காரி. ஊர் குமாசி. இத்தாலியில், பலெர்மோ நகரின் பொலித்தெயாமா அரங்குக்குப் பின்னால் இருக்கும் ஒரு அலுவலகத்தை நானும் அவளும் ஒன்பது வருடம் சேர்ந்து துப்புரவு செய்தோம். விடிய ஐந்தரைக்குப் போனால், ஆட்கள் வேலைக்கு வரும் எட்டரைக்கு முன்னால் மூன்று மாடியும் முடிய வேண்டும். அவள் மேலே இருந்து கூட்டிக்கொண்டு இறங்குவாள். நான் கீழே இருந்து ஏறுவேன். இரண்டாம் மாடிப் படியில் சந்திப்போம். அங்கேயே பத்து நிமிடம் இருந்து சாப்பிடுவோம். கதைப்பது இத்தாலியனில். அவளுடையது என்னுடையதை விடத் திறம்.

முதல் தடவை அவள் தன் டப்பாவைத் திறந்து நீட்டியபோது, சோற்றின் ஓரத்தில் கருவாடும் மிளகாயும் எண்ணெயில் வறுத்த கறுத்த சம்பல் ஒன்று இருந்தது. வாயில் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உறைக்குதோ?" என்றாள்.

"இது எங்கடை சம்பல்" என்றேன்.

"போடி, இது எங்கடை" என்றாள். அன்றைக்குப் படியில் இருந்து பெரிய சண்டை பிடித்தோம். அப்படித்தான் சிநேகிதமானோம்.

அவளுடைய கைச்சமையலை நகரமே தேடியது என்று சொன்னால் பொய். ஆனால் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆப்பிரிக்கப் பெடியள், சந்தையில் காய் விற்கும் வங்காளிகள், சில நாட்களில் இத்தாலிய மாணவர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் அவள் கட்டிக் கொண்டுபோகும் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். எட்டரைக்கு வேலை முடிந்ததும் ஓடிப்போய் வீட்டில் சமைத்து, பன்னிரண்டரைக்குத் தள்ளுவண்டியோடு போவாள். வீட்டில் சமைத்து விற்கச் சட்டம் விடாது. இரண்டு முறை நகராட்சிக்காரர் பிடித்துச் சாப்பாட்டை எல்லாம் குப்பையில் கொட்டினார்கள். இரண்டாம் முறை அவள் அழவில்லை. குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒரு கதவு வேணும் புஸ்பா. திறந்து பூட்டிற கதவு. அவ்வளவுதான்" என்றாள்.

அந்தக் கதவுக்கு வழி கிளறாவால் வந்தது. கிளறா எங்கள் ஆள். தாய் தகப்பன் மன்னார், அவள் பிறந்தது பலெர்மோவில். நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் கீழ் அறையில் இயங்கும் சின்னச் சங்கம் ஒன்றில் வேலை செய்கிறாள். கறுப்பு இன மக்கள் சொந்தத் தொழில் தொடங்க உதவி செய்கிற சங்கம் அது. அந்த வருடம் வெளியூர் நிதி ஒன்று கிடைத்திருந்தது. ஆறு பேருக்கு அடுப்பு, குளிரூட்டி, தையல் இயந்திரம் என்று தொழிலுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்து, முதல் வருடக் கடை வாடகையையும் கட்டுவார்கள். திருப்பித் தரத் தேவையில்லை. செர்வா விண்ணப்பித்தாள். எழுபது பேரில் தெரிவான ஆறு பேரில் ஒருத்தியாக வந்தாள்.

தேவாலயத்தில் பூசை முடிந்து நின்ற ஒரு ஞாயிறு நான் கிளறாவிடம் கேட்டேன். "ஏன் பிள்ளை, அவையளுக்கு மட்டும்? எங்களுக்கும் கஷ்டம்தானே?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. "கஷ்டம்தான் அன்ரி. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. உங்களுக்குச் சீட்டுப் பிடிக்கச் சனம் இருக்கு. வீடு தாற இத்தாலியச் சிஞ்ஞோராமார் இருக்கினம், 'தமிழ் ஆள் நல்லம்' எண்டு ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லுவா. செர்வா இருபது வருசமா இஞ்சை உழைக்கிறா. வங்கி கடன் குடாது. கடை ஒருத்தரும் குடாயினம். இஞ்சத்தை ஆக்களின்ரை பிள்ளையளுக்குத் தாத்தா விட்ட கடை, தகப்பன் விட்ட வீடு எண்டு ஏதோ ஒண்டு இருக்கு. செர்வாவின்ரை மகள் வெறுங்கையோடைதான் தொடங்கவேணும். அவளின்ரை பிள்ளையும் அப்பிடித்தான். அதுதான் அன்ரி."

நான் தலையாட்டினேன். விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது. தை மாதம் முடிவதற்குள் செர்வா தன் பெயரில் பதிவு செய்த கடை ஒப்பந்தத்தைக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நாலு மாதம் இருந்தது. கடை தேடுவது ஒரு வேலையா என்று நினைத்தோம்.

செர்வா தன் நல்ல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு, நிதிக் கடிதம், இங்கே இருக்க அனுமதிக்கும் பெர்மெசோ, வரிக் கடதாசி எல்லாவற்றையும் ஒரு நீல உறையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போவாள். வியா மக்வேதா பெருந்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைகளில் ஐந்து கடை பார்த்தாள். கால்சாவில் மூன்று. தொலைபேசியில் 'வாங்கோ' என்பார்கள். வாசலில் அவளைக் கண்டதும், "அடடா, நேற்றுத்தான் குடுத்தாச்சு" என்பார்கள். ஒரு மனுசி கதவைத் திறக்காமலேயே அதைச் சொன்னாள். இரண்டு கிழமை கழித்துப் போனால் அதே கதவில் வாடகைக்கு என்ற மஞ்சள் தாள் தொங்கும்.

படியில் இருந்து சாப்பிடும்போது செர்வா என்னைக் கேட்பாள். "என்ரை இத்தாலியன் பிழையோ? அந்தச் சட்டை பழசாத் தெரியுதோ? சமையல் எண்டு சொன்னதும் மணத்துக்குப் பயப்பிடினமோ?"

"இல்லை, நேரம் சரியில்லை" என்று சொல்வேன்.

மார்கழி தொடக்கத்தில் நான்தான் சொன்னேன், "இந்த முறை கடைக்காரருக்கு நான் போன் எடுக்கிறன்" என்று. போர்கோ வெக்கியோவில், சந்தை முடிகிற இடத்தில், பூட்டிக் கிடந்த ஓர் இறைச்சிக் கடை. சுவர் முழுக்க வெள்ளை ஓடு. பின்னால் தண்ணீர்க் குழாய், புகைபோக்கி, கழிப்பறை. துறைமுகம் ஐந்து நிமிட நடை. உரிமையாளர் லா மந்தியா என்ற மனிதர், அறுபத்தைந்து வயதிருக்கும். நான் தனியாகப் போய்ப் பார்த்தபோது கோப்பி வாங்கித் தந்தார். தன் தாயைக் கடைசிக் காலத்தில் பார்த்தது ஒரு தமிழ்ப் பெண் என்றார். சிநேகிதிக்காகத்தான் கேட்கிறேன் என்றேன். "உங்கள் சிநேகிதி என்றால் சரிதான், கூட்டி வாருங்கள்" என்றார்.

அடுத்த நாள் செர்வாவோடு போனேன். அவள் கடைக்குள் காலை வைத்ததும் முகம் மாறிவிட்டது. அளவு நாடாவை எடுத்து, அடுப்பு எங்கே, மேசை எங்கே என்று அளந்தாள். பிறகு குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் பின்பக்கம் போனாள்.

அப்போது லா மந்தியா என் பக்கம் சாய்ந்தார். குரலை அவ்வளவாகத் தாழ்த்தவும் இல்லை.

"சிஞ்ஞோரா, நீங்கள் இதைச் சொல்லவில்லையே. கறுப்பருக்கு நான் கடை கொடுக்க மாட்டேன். இந்தத் தெருவில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. நீங்கள் எடுங்கள். உங்கள் ஆட்கள் அமைதியான ஆட்கள். உங்களுக்கென்றால் இன்றைக்கே தருகிறேன்."

பக்கத்தில் பக்கத்தில் நின்றால் செர்வாவை விட நான் ஒரு பிடி வெளுப்பு, அவ்வளவுதான். அந்த ஒரு பிடிக்கு அந்த மனிதர் ஒரு கடையே தருகிறார். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது பத்து விதமாகத் தெரிகிறது. அன்றைக்கு நான் செய்தது, கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான்.

செர்வா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தண்ணி நல்ல வேகமா வருது!" என்றாள். லா மந்தியா சிரித்து, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாம் நாள் அவளுக்குத் தகவல் வந்தது, கடை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று.

நான் வீட்டில் அந்தக் கதையைச் சொன்னதுதான் மற்றப் பிழை. ஆத்திரத்தில், என் மனுசன் மரியநாயகத்திடம் சொன்னேன். அவர் பதினொரு வருடம் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, தூக்கி இருத்தி, பார்த்துக்கொண்டிருந்தவர். ஐப்பசியில் அந்தக் கிழவர் செத்துப்போனார். செத்த வீடு முடிந்த அடுத்த நாளே பிள்ளைகள் இவரிடம் வீட்டுத் திறப்பை வாங்கிவிட்டார்கள். அதிலிருந்து வேலை இல்லை. பெர்மெசோ அடுத்த வருடம் முடிகிறது. வேலைக் கடதாசி இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போய் என்ன சொல்வது என்று கேட்டுக் கேட்டு, மனிதர் சாப்பிடுவதையே குறைத்துவிட்டார்.

நான் சொல்லி முடித்ததும் அவர் நிமிர்ந்து இருந்தார்.

"எங்களுக்குத் தாறன் எண்டவரோ?"

"இஞ்சேருங்கோ, நான் சொன்னது அதுக்கில்லை."

"அவளுக்கு எப்பிடியும் குடான். நாங்கள் எடுக்காட்டி வேறை ஆர் எண்டாலும் எடுப்பான். அப்ப நாங்கள் எடுத்தா என்ன? கடை இருந்தா பெர்மெசோவுக்கும் கடதாசி காட்டலாம்."

"செர்வாவின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

"ஒரு காப்பிலிக்காக நான் றோட்டிலை நிக்கோணுமோ?"

கறுப்பு ஆட்களுக்கு அந்தச் சொல்லை எங்கள் வீடுகளில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவள். அன்றைக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. ஆனால் அவரைப் பார்த்தேன். சட்டைக் கழுத்துக்குள் கழுத்து மெலிந்து கிடந்தது. முள்ளிவாய்க்காலைத் தாண்டி வந்த மனிதர், ஒரு கடைக்காக என்னைக் கெஞ்சிக்கொண்டு நின்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை என் தாலிக்கொடியை அடகு வைத்து, அவருடைய தமையனிடமும் கடன் வாங்கி, கடை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். நானும் பக்கத்தில் இருந்து இரண்டாவது கையெழுத்தை வைத்தேன்.

செர்வாவுக்கு நான் சொல்லவில்லை. நத்தார் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு புதுவருடம் போகட்டும் என்று நினைத்தேன். விடியற்காலையில் இரண்டாம் மாடியில் அவள் புதுப் புது முகவரிகளைச் சொல்லுவாள், பிழை தன் சட்டையிலோ இத்தாலியனிலோ என்று திரும்பவும் கேட்பாள். நான் சாப்பாட்டைக் குழைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

தை நடுப்பகுதியில் கிளறா எங்கள் இருவரையும் சங்கத்துக்குக் கூப்பிட்டாள். அறையில் ஒரு வழக்கறிஞர் அம்மாவும் இருந்தார். செர்வா பன்னிரண்டு கடை கேட்டு, பன்னிரண்டிலும் இல்லை என்று வந்தது தற்செயல் இல்லை, நிறத்துக்காக மறுத்தது சட்டப்படி குற்றம், ஒரு சாட்சி கிடைத்தாலும் முறைப்பாடு போடலாம் என்றார். முறைப்பாடு போட்டால் சங்கமும் செர்வாவுக்கு இன்னும் ஆறு மாதம் தவணை கொடுக்குமாம்.

கிளறா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "அன்ரி, இறைச்சிக் கடையிலை நீங்கள் கூட நிண்டனீங்கள். அந்த ஆள் உங்களுக்கு ஏதும் சொன்னவரோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

என் கைப்பைக்குள் அந்தக் கடையின் திறப்பு கிடந்தது. முறைப்பாடு போனால் லா மந்தியா ஒப்பந்தத்தைக் கிழிப்பார். தாலிக்கொடி போகும். பெர்மெசோ போகும். மரியநாயகம் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மனதில் ஓடியது.

"எனக்குக் கேட்கேல்லை" என்றேன்.

"அவர் ஒண்டுமே சொல்லேல்லையோ?"

"ஏதோ கதைச்சவர். எனக்குக் கேட்கேல்லை பிள்ளை."

செர்வாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் கிளறாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளறா இத்தாலியனில், "அவவுக்குக் கேட்கவில்லையாம்" என்றாள். செர்வா கையை நீட்டி என் கையின் மேல் வைத்தாள். "பரவாயில்லை புஸ்பா. நீ எனக்காக எவ்வளவு அலைஞ்சனீ" என்றாள்.

தை முடிந்தது. நிதி, பட்டியலில் இருந்த செனகல் நாட்டுத் தையல்காரர் ஒருவருக்குப் போனது. அவருக்கும் தேவைதான். அவரும் நல்ல மனிதர் என்றுதான் சொன்னார்கள்.

மாசி முதல் கிழமை நாங்கள் கடையைத் திறந்தோம். பங்குச் சுவாமி வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். சனம் வந்து பாலும் கேக்கும் சாப்பிட்டது. நான் அலுவலக வேலையை விட்டேன். செர்வாவிடம் முழங்கால் வருத்தம் என்று சொல்லியிருந்தேன்.

சந்தையில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும், நாலாம் நாள் காலை பத்து மணிபோல அவள் கடைக்கு வந்தாள். மரியநாயகம் துறைமுகத்துக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார். நல்ல மேற்சட்டை போட்டிருந்தாள். வாசலில் நின்று வெள்ளை ஓட்டுச் சுவரைப் பார்த்தாள். நான் எழும்பினேன்.

அவள் நேரே பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டிவிட்டு வந்தாள்.

"அவன் உனக்கு என்ன சொன்னான்?" என்றாள்.

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் தராசு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"நீ கடை எடுத்தது எனக்கு நோகுது" என்றாள் கடைசியில். "ஆனா விளங்குது. உன்ரை மனுசனுக்கு வேலை இல்லை. எனக்கு அப்பிடி ஒரு நிலை வந்திருந்தா நானும் என்ன செய்திருப்பனோ தெரியாது. மற்றதுதான் விளங்கேல்லை புஸ்பா. நாலு மாசம். நாலு மாசம் நான் என்ரை சட்டையைப் பாத்தன், என்ரை தலைமயிரைப் பாத்தன். கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு இத்தாலியன் கதைச்சுப் பழகினன். மகள் சிரிச்சவள், அம்மா ஆரோடை கதைக்கிறா எண்டு. பிழை என்னிலை இல்லை எண்டு கடைசி ரெண்டு மாசமும் உனக்குத் தெரியும். உன்னைக் கேட்டனான். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தனீ."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்றுவாள் என்று எந்த மூலையிலோ எதிர்பார்த்தேன் போல. அப்போதுதான் எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஒரு கிழவி உள்ளே வந்து கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்டாள். செர்வா அவளுக்கு வழி விட்டு, அப்படியே வெளியே போய்விட்டாள்.

பங்குனியில் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வடக்கே பிரேஷாவுக்குப் போனாள் என்று கிளறா சொல்லித்தான் தெரியும். கோழி இறைச்சி பொதி செய்யும் ஆலையில் வேலை. ஒருவரிடமும் வாடகைக்குக் கடை கேட்கத் தேவையில்லாத வேலை. அந்தப் பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் இறுதி வருடம்.

அதைக் கேட்ட அன்றைக்கே கால்சாவுக்குப் போனேன். மரியநாயகத்திடம் சொல்லவில்லை. கிளறாவுக்கு முன்னால் இருந்து, "எனக்குக் கேட்டது பிள்ளை" என்றேன்.

அவள் கணினியிலிருந்து கையை எடுத்தாள். "எப்ப தெரியும் அன்ரி?"

"முதல் நாளே."

"அப்ப அண்டைக்கு, அவ பக்கத்திலை இருக்க..." என்று தொடங்கி அவள் நிறுத்தினாள். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒரு தாளை எடுத்து, தேதி போட்டு, சொல்லுங்கோ என்றாள். லா மந்தியா சொன்னதை அப்படியே சொன்னேன். கடையை நாங்கள்தான் எடுத்தோம் என்பதையும் எழுதச் சொன்னேன். வாசித்துக் காட்டினாள். கையெழுத்து வைத்தேன்.

"இதாலை உங்கடை கடைக்குச் சிக்கல் வரும், தெரியுமோ?"

"ஓம்."

முறைப்பாட்டில் செர்வாவும் கையெழுத்து வைக்க வேண்டும். கிளறா அங்கேயே அவளைத் தொலைபேசியில் அழைத்தாள். ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள். ஆலைச் சத்தத்துக்கு மேலால் செர்வாவின் குரல் வந்தது. கிளறா விசயத்தைச் சொன்னாள். வழக்குப் போடலாம், நட்டஈடு கிடைக்கலாம், அடுத்த வருட நிதிக்கும் எழுதலாம் என்றாள்.

"புஸ்பா அங்கை இருக்கிறாளோ?" என்றாள் செர்வா.

"இருக்கிறன்" என்றேன்.

"நீ சொன்னது நல்லது. ஆனா எனக்கு இனி ஏலாது. வழக்கெண்டு வந்தா அந்தக் கடைக்கு முன்னாலை திரும்பவும் வந்து நிக்கவேணும், எல்லாத்தையும் திரும்பச் சொல்லவேணும். நான் களைச்சுப் போனன். கிளறா, அந்தத் தாளை வைச்சிரு. அடுத்ததா ஆரும் கடை தேடி வந்தா, அவைக்குத் தேவைப்படும்."

"செர்வா, என்னை..." என்று தொடங்கினேன்.

"எனக்கு இடைவேளை முடியுது" என்றாள். தொடர்பு அறுந்தது.

வீட்டுக்குப் போய் மரியநாயகத்திடம் எல்லாம் சொன்னேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பியவர், இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் சாமான்களை அடுக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "அந்த மனுசியின்ரை பிள்ளை சோதினை எழுதினதாமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

கடை ஓடுகிறது. குறை சொல்வதற்கில்லை. மாதம் முடிய லா மந்தியா வருவார். தமிழர் என்றால் தமிழர்தான் என்று வாசலில் நிற்பவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்லுவார். இப்போதெல்லாம் நான் அவருக்குப் பதில் சொல்கிறேன். "அன்றைக்கு வந்த பெண் உங்களுக்கு என்ன குறை வைத்தாள்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்பேன். அவர் சிரித்து மழுப்பிவிட்டுப் போவார்.

செர்வாவின் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறேன். மணி அடிக்கிறது. அவள் எடுப்பதில்லை.